மைக்கை அணைத்தது யார்?

தலைமை ஏற்று வீற்றிருக்கும் கலைஞர் நலச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா சிவதாணு அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த நம் பாடகி பூங்கனி அக்காவின் கணவர் அண்ணன் ஜான்ரோஸ் அவர்களே! இருபத்தாறு வருஷம் ஒரே வேனில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஊர் ஊராகப் போன ஸ்வரமலர் இன்னிசைக் குழுத் தோழர்களே! கருங்கல் என்றும் அருமனை என்றும் பாராமல் பஸ் பிடித்து வந்து, நாற்காலி போதாமல் வாசல் வரைக்கும் நிற்கிற எங்கள் ரசிகப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் ராஜமணியின் வணக்கம்.

ராஜமணி யார் என்று பின்னால் இருப்பவர்கள் கேட்பது தெரிகிறது. மைக்செட்காரன் என்றால் தெரியும். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளே கடை. மேடையில் ஏறி நின்று பேசுவது எனக்கு இதுதான் முதல் தடவை. கூட்டத்துக்கு நடுவில் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். மிக்சர் என்றால் தின்கிற மிக்சர் இல்லை. ஒவ்வொரு மைக்குக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. மேடையில் நிற்கிறவர்களுக்கு விளக்கு கண்ணைக் கூசும், முன்வரிசைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கேட்கிறவர்களுக்கோ மேடை மட்டும்தான் தெரியும். பாடுகிறவர், கேட்கிறவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒரே ஆள் நான்தான். அந்த உரிமையில் இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பெரியோர்கள் எல்லோரும் "தேன் குரல்", "தேன் குரல்" என்றார்கள். இசைமணி பூங்கனியின் குரல் தேனா? ஜான்ரோஸ் அண்ணன் மன்னிக்க வேண்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்! சாதாரணக் குரல். மேலே போனால் பிசிறு அடிக்கும். அந்தப் பிசிறு வெளியே தெரியாமல் இருக்க எக்கோ போட்டவன் நான். இவரைவிட இனிமையாகப் பாடுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஒரு டஜன் பேர் உண்டு. அவர்கள் பாடும்போது மூன்றாவது பாட்டில் ஜனம் டீ குடிக்க எழுந்து போகும். பூங்கனி அக்கா பாடினால் ஒருத்தர் நகர மாட்டார். ஏன்? அது என்ன மாயம்? பதினாலு வருஷம் இந்தக் கேள்விதான் என் மண்டையைக் குடைந்தது.

இன்னொரு கேள்வியும் இந்த மண்டபத்தில் இருக்கிறது. மரியாதை கருதி யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மேற்கே போனால் இவருக்கு "மைக் அணைச்ச பூங்கனி" என்று ஒரு பெயர் உண்டா இல்லையா? ரசிகை ஒருத்தி தன்னைவிட நன்றாகப் பாடிவிட்டாள், பொறாமையில் பூங்கனி மைக்கை அணைத்துவிட்டாள் என்று ஒரு பழி. ஒன்பது வருஷத்துப் பழி. அது மெய்யா, பொய்யா? அதைச் சொல்லத்தான் நான் இங்கே ஏறினேன். சொல்லாமல் இறங்கினால் என் முகத்தில் யாரும் முழிக்க வேண்டாம்.

ஆனால் முதல் கேள்வியை முடிக்காமல் இரண்டாவதுக்குப் போக முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பாட்டோ நாலாவது பாட்டோ, அக்கா மைக்கோடு மேடையை விட்டு இறங்கிவிடுவார். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் மைக் போனால் என்ன ஆகும்? ஊய்ய்ய் என்று கூவும்! கூவினால் ஜனம் பாடகியையா திட்டும்? மைக்செட்காரனைத்தான் திட்டும். எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்!

"அக்கா, தாழ மட்டும் இறங்காதீங்க. கும்பிடுறேன்."

"நீ உனக்க வேலையப் பாருலே மக்கா. நான் எனக்க ஆளுவளப் பாத்துட்டு வாறேன்."

இறங்கி, நாற்காலிகளைத் தாண்டி, கடலைக்காரனையும் தாண்டி, கடைசியில் போய் யாராவது ஒருத்தர் வாய்க்கு நேராக மைக்கை நீட்டுவார். அந்த ஆள் அடுத்த வரியைக் கணீரென்று பாடும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். சொல்கிறேன். இரண்டாயிரம் பேரில் ஒருத்தர். நீட்டின மைக்கைக் கண்டு பாட்டுத் தெரியாமல் முழித்த ஆள் ஒருத்தரையும் நான் கண்டதில்லை! எப்படித் தெரிகிறது இந்த அம்மாளுக்கு?

விழாக் கமிட்டிக்காரர்கள் முன்கூட்டியே ஆள் காட்டிக் கொடுக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். கமிட்டிக்காரர்களைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். "உனக்கு வேற சோலி இல்லையாலே" என்று ஏசினார்கள். சரி, தலையாட்டுகிறவர்களை, கைதட்டுகிறவர்களைப் பார்த்து எடுக்கிறாரோ? ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அதுவும் இல்லை. கை பலமாகத் தட்டுகிறவனுக்கு முக்கால்வாசி நேரம் வரி தெரியாது. கீபோர்டு ஹரிகுமாரிடம் கேட்டேன். "அது ஒரு முகராசி அண்ணே" என்றான். சவம், அவனிடம் கேட்டது என் தப்பு. ஹரி, கோபப்படாதே, அதோ சிரிக்கிறாய்.

பதினாலாவது வருஷம், எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கோவில் கொடை விழா. அன்றைக்கு ஒரு வேலை செய்தேன். மேடையைப் பார்க்காமல் ஜனத்தின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பஸ் கண்டக்டர் தூணில் சாய்ந்து நின்றார். அவர் உதடு அசைகிறது. ஆனால் பாட்டோடு சேர்ந்து அசையவில்லை. பாட்டுக்கு முந்திப் போகிறது! அக்கா இந்த வரியில் இருக்கிறார், இவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அக்கா நேராக அவரிடம்தான் போனார்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "அக்கா, பாட்டுக்கு முந்திப் போறவங்களத்தானே பிடிக்கிறீங்க?"

"இதக் கண்டுபிடிக்க உனக்குப் பதினாலு வருஷமா!" என்று அப்படி ஒரு சிரிப்பு. "கூட்டத்தோட பாடிப் படிச்சவன் கூட்டத்தோட வருவான் மக்கா. தனியா பாடிப் படிச்சவன் நிக்கமாட்டான், தாவிப் போவான். இடையில வாற மியூசிக்கு அவனுக்கு ஏது? அவன் பாடி இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டிருக்க மாட்டான். அதான் நான் போறேன்."

எப்பேர்ப்பட்ட கண்! நாங்கள் எல்லோரும் ஜனம் பாட்டைக் கேட்க வருகிறது என்று நினைத்தோம். அதில் ஒருத்தராவது தன் பாட்டை யாராவது கேட்க மாட்டார்களா என்று வந்து நிற்கிறார் என்பது பூங்கனி அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்கள் நகராமல் உட்கார்ந்திருந்ததும் அதற்குத்தான். அடுத்து நம்மிடம் வருவாரோ, அடுத்து நம்மிடம் வருவாரோ என்று!

இனி இரண்டாவது கேள்வி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அருமனைப் பக்கம் ஒரு சர்ச் திருவிழா. நான் புது பாக்ஸ் இறக்கியிருந்தேன். அதைக் கட்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு நாள் மேடையிலேயே நில்லுங்க அக்கா" என்று சொல்லித்தான் விட்டேன். இறங்கினாரா இல்லையா? இறங்கினார்! கூவியதா இல்லையா? ஊரே காதைப் பொத்தியது. கமிட்டிக்காரர் ஒருத்தர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "இதுக்கு ஒரு மைக்செட்டாலே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு வெப்ராளம் வந்து கோபம் தலைக்கேறிவிட்டது.

அக்கா அதற்குள் மதில் ஓரம் போய்விட்டார். அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற ராகேல் அக்கா. கண்ணை மூடி நிற்கிறார், உதடு பாட்டுக்கு முந்திப் போகிறது. நானும் பார்த்தேன். அந்த உதட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் பார்த்தேன். பூங்கனி அக்கா மைக்கை அவர் கையிலேயே கொடுத்தார். ராகேல் அக்கா பாட வாய் திறந்தார். நான் மிக்சரில் அந்த மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டேன்.

ஆமாம் பெரியோர்களே, நான்! இந்த ராஜமணி!

வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. வாலிபப் பையன்கள் சிரித்தார்கள். ராகேல் அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். பூங்கனி அக்கா மைக்கைத் திருப்பிப் பார்த்தார். அதில் பச்சை விளக்கு எரிகிறது. பச்சை எரிந்தால் சுவிட்சில் கோளாறு இல்லை, வேறெங்கோ அணைத்திருக்கிறார்கள் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும். தலையைத் தூக்கி, அத்தனை கூட்டத்துக்கு மேலாக, நேராக என்னைப் பார்த்தார். நான் சட்டென்று சத்தத்தை ஏற்றிவிட்டேன். அப்போது அவர் மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா?

"மக்கா, எனக்க விரலு சுவிட்சுல பட்டுட்டு. தப்பு எனக்குத்தான். மன்னிச்சிருங்க."

ராகேல் அக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

ஒரே மாதத்தில் கதை மேற்கே முழுக்கப் பரவியது. இரண்டு திருவிழாக்களில் எங்களை வேண்டாம் என்றார்கள். குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண், நீட்டிய மைக்கைத் தள்ளி, "வேண்டாம்மா, நீ அணைச்சிருவ" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போனார். வேனில் எல்லோரும், "எதுக்கு அக்கா அன்னைக்கு அப்படிச் செஞ்சீங்க?" என்று குறைபட்டார்கள். நானும் அதே வேனில்தான் இருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை. ஒன்பது வருஷம் திறக்கவில்லை. அவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இட்லி வாங்கினால் எனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைக்க மறந்ததும் இல்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஜான்ரோஸ் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, அக்கா என்னப்பத்தி எப்பமாவது ஏதாவது..."

அண்ணன் சொன்னார்: "பச்சை எரிஞ்சுதுண்ணு சொன்னா. ராஜமணி அவனா வந்து சொல்லுவாண்ணு சொன்னா. ஒரு வருஷம் பாத்தா. பெறவு அந்தப் பேச்சை விட்டுட்டா."

ஒரு வருஷம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்! அடுத்த நாளே அருமனைக்குப் போனேன். ராகேல் அக்கா கொடியில் ரப்பர் ஷீட் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

"ஒம்பது வருஷமா ஆராதனையில எல்லாரும் பாடும்போ நான் வாய மூடிட்டு நிக்கேன்" என்றார். "சந்தையில அவளுக்குப் பொறாமைண்ணு சொன்னேன், ஆனா உள்ளுக்குள்ள, ஒரு பாட்டுக்காரியே பொறுக்காம அணைக்கிற அளவுக்கா எனக்க சத்தம் மோசமா இருக்குண்ணு நெனச்சேன். ரெண்டு தடவை இஞ்ச வந்தா அவ. நான் கதவு திறக்கல்ல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்!

"நான் சந்தையில நிண்ணு சொன்னத எத்தனை பேரு கேட்டாவ! நீ எனக்க காதுல வந்து சொன்னா போருமா? அவளுக்க பேரு ஊரு முழுக்கக் கெட்டுப் போச்சு. போயி மைக்குல சொல்லு!"

ஆகவே சொல்கிறேன். அன்று மைக்கை அணைத்தது இசைமணி பூங்கனி அல்ல! மைக்செட் ராஜமணி! அவர் பொறாமைப்பட்டாரா? ஒருவர் பாடிக் கேட்பதற்காகத் தன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நடந்து போனவர் அவர்! கருங்கல் சந்தையில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள், என் பெயரைப் போட்டே சொல்லுங்கள். எனக்குத் தொழில் போனால் போகட்டும்.

அடுத்த மாதம் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சி நடக்குமா என்று கேட்கிறார்கள். நடக்கும்! பூங்கனி அக்காவின் பதிவு செய்த குரலைப் போடலாமா என்று ஹரி கேட்டான். கூடாது. பதிவு செய்த குரல் இறங்கி நடக்குமா? யார் பாடினாலும் இறங்கிப் போய் ஒருத்தரைப் பாட வைக்க வேண்டும். பாக்ஸைத் தள்ளிக் கட்டி, மைக் போகிற வழியை ஒதுக்கி விடுவது என் பொறுப்பு. அதை அன்றைக்கே செய்திருக்கலாம், என் சோம்பலும் திமிரும்தான் தடுத்தன. உயிர் இருக்கும்வரை இதைச் செய்வேன் என்று இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன்.

சன்னல் ஓரம் மூன்றாவது வரிசையில் ராகேல் அக்கா இருக்கிறார். வருவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன், வந்துவிட்டார். அக்கா, எழுந்திருக்க வேண்டாம். நான் இறங்கி வாறேன். சிவதாணு ஐயா, மைக்கை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வழிவிடுங்க மக்கா.

இந்தா பிடிங்க அக்கா. பாட மனசு வரல்லையா, பாட வேண்டாம். என்னை ஏசுங்க. ஆனா மைக்குல ஏசுங்க. வாசல்ல நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்.