ம் கொட்ட ஓர் ஆள்

மாலை ஐந்து நாற்பது. தருமபுரியில் பென்னாகரம் பஸ் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, ஜன்னலோரப் பெண்ணின் மடியில் இருந்த அச்சகத்துக் காகிதக் கட்டு. பக்கத்தில் அவரைவிட இளைய பெண், விரல்களில் மையோடு.

"வூட்டுல ஒக்காந்து புரூஃப் பாக்கறது சொகந்தானேக்கா?" என்றார் இளையவர்.

"சொகமா? செவுத்துக்குப் படிச்சுக் காட்டறேன் சரோஜா. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சத்தமா. ம் கொட்டத்தான் ஆளில்ல."

அச்சகத்தில் ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாசிக்க, மற்றவர் அச்சான தாளைப் பார்த்து வரிக்கு வரி "ம்" என்பாராம். இருவரும் அப்படித்தான் ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கிறார்கள். போன மாதம் புது மெஷினுக்காக அவர்கள் உட்கார்ந்து பார்த்த அறையை முதலாளி காலி செய்துவிட்டார். மூத்தவரின் வேலை வீட்டுக்குப் போனது. சரோஜா மெஷினுக்குப் போனார்.

"நேத்து ஒரு வரியவே வுட்டுட்டேன். இன்னொருக்கா வுட்டா வேற ஆளு பாத்துக்கறேன்னுட்டாரு மொதலாளி."

"ரேடியோவ போட்டுக்கோங்க, தொணைக்கு."

"அது அதும்பாட்டுக்குப் பேசுது. நான் படிக்கறத எங்க கேக்குது?"

சரோஜா சிரித்தார். பிறகு முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு அச்சான தாள்களை வாங்கினார்.

"இண்டூர்ல நீங்க எறங்கற வரைக்கும் பாக்கலாம். படிங்கக்கா."

மூத்தவர் வாசித்தார், கமாவையும் சேர்த்து. "ம்" என்றார் சரோஜா. பஸ் குலுங்கும்போது மட்டும் நிறுத்தினார்கள்.

இண்டூரில் பஸ் நின்றபோது நான்கு பக்கம் மீதி இருந்தது.