என் மனைவியைச் சொல்லிச் சிரிக்க வைத்த பதினாறு மேடைகள்

அவையின் நடுவே வீற்றிருந்து என் நாவுக்கு இருபது நிமிடக் கடிவாளம் போட்டிருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிப் பாதிக் கைத்தட்டலை வாரிக்கொண்டு போய்விட்ட செயலாளர் அவர்களே, உழைத்து ஓய்ந்தும் உள்ளம் ஓயாத என் ஓய்வுபெற்ற தோழர்களே, வயதாலும் அறிவாலும் மூத்த முன்வரிசைப் பெரியோர்களே, வீட்டு வேலையை விரைந்து முடித்து, "அந்த மைக்கு இன்னைக்கு என்னத்தைச் சொல்லப் போறாருன்னு பாப்போம்" என்று வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, உங்கள் அனைவர் முன்னும் தலைகுனிந்து நிற்கிறேன்.

தலைகுனிந்து என்றதும் மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். ஐயா, குற்றம் உங்களுடையது அல்ல. நான் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று உங்களைப் பழக்கி வைத்தவன் நானே. இன்றைக்கு மட்டும் அந்தப் பழக்கத்தைச் சற்று ஒத்தி வையுங்கள்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "ஓய்வுக்குப் பின் இல்லறம்: ஓராண்டு அனுபவம்". பொருத்தமான தலைப்புத்தான். நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்த்தவன். அவள் இருபத்தொன்பது ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில், துணி வெட்டும் பிரிவில் நின்றவள். பத்து மடிப்புத் துணியை மேசையில் விரித்து, சுண்ணக்கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகாமல் வெட்டிய கை அவள் கை. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். நான் மறந்துபோனது இதைத்தான்.

ஓய்வு பெற்ற புதிதில் எங்கள் வீடு எப்படி இருந்தது தெரியுமா? மாலை நான்கு மணிக்குத் தேநீர். தேநீரோடு அவள் பேச்சு. தொழிற்சாலைச் சூப்பர்வைசர் தும்முகிற விதம், மாடி வீட்டுக்காரம்மா துணி காயப்போடுகிற ஒழுங்கு, பேத்தி தொலைபேசியில் சொன்ன பொய், கனவில் வந்த பேருந்து. ஒன்றை விட்டு ஒன்று, ஒன்றைத் தொட்டு ஒன்று. திருமணமான நாள்தொட்டு வேலை வேலை என்று ஓடிய இருவர், அறுபது வயதில் முதல்முறையாக உட்கார்ந்து பேசினோம். அந்த நான்கு மணி எனக்குக் கிடைத்த பெரும்பேறு.

அந்தப் பேற்றை நான் என்ன செய்தேன்? மேடையில் ஏற்றினேன்.

இதே மன்றத்தில், இதே ஒலிபெருக்கியின் முன்னால், "என் மனைவி தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், தம்ளரைத் தவிர எல்லா இடமும் நனைந்தது" என்றேன். அரங்கம் அதிர்ந்தது. அதிர்ந்த அரங்கம் என்னை மயக்கியது. அடுத்த மேடை, அதற்கடுத்த மேடை என்று ஓராண்டில் பதினாறு மேடைகள். எனக்கு "மைக்கு" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டீர்கள். நானும் அதை ஏதோ விருது வாங்கியவன் போலச் சுமந்து திரிந்தேன்.

நினைவிருக்கிறதா உங்களுக்கு? துணிக்கடையில் என் மனைவி பொம்மையிடம் போய், "இது என்ன விலைம்மா?" என்று கேட்ட கதை. எங்கள் வீட்டு நிலைக்கதவுக்கும் அவள் இடது தோளுக்கும் ஏதோ பங்காளிச் சண்டை என்று நான் நடித்துக் காட்டிய கதை. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா வழியில் வணக்கம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்கு அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்ற கதை. பாருங்கள், இப்போதும் சிலர் புன்னகைக்கிறீர்கள். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதுதான் என் வெட்கம்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்திருந்தேன். மீட்டர் பார்த்தவனின் பழக்கம். கண்ணில் பட்டதைத் தேதி போட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவள் எங்கே இடித்தாள், எதைத் தட்டிவிட்டாள், என்ன உளறினாள் என்று ஒன்று விடாமல் எழுதினேன். எழுதிய பக்கத்தில், அரங்கம் சிரித்திருந்தால் ஒரு நட்சத்திரம். நன்றாகச் சிரித்திருந்தால் இரண்டு.

அவளுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். இரண்டாம் மாதத்தில் சிரித்துக்கொண்டே கேட்டாள், "இதையும் போய் மேடையில சொல்லுவீங்களா?" நானும் சிரித்தேன். நான்காம் மாதத்தில் சிரிக்காமல் கேட்டாள். ஆறாம் மாதத்தில் கேட்கவே இல்லை. தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. சூப்பர்வைசரும் போனார், கனவுப் பேருந்தும் போனது. "மருந்துக் கடைக்குப் போறேன்", "தண்ணி வந்துருச்சு", "சாப்பிட வாங்க". இவ்வளவுதான் எங்கள் இல்லறத்தில் மிஞ்சிய இலக்கியம்.

அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை. "எங்கள் வீட்டில் இப்போது பேரமைதி நிலவுகிறது, எல்லாக் கணவன்மாரும் என்னிடம் வந்து வழி கேளுங்கள்" என்று பன்னிரண்டாவது மேடையில் முழங்கினேன். கைத்தட்டல் நிற்க ஒரு நிமிடம் ஆனது. குறிப்பேட்டில் மூன்று நட்சத்திரம் போட்டேன். சொல்லவே நா கூசுகிறது.

சென்ற மாதம் என் மகள் வந்தாள். வந்த மறுநாள் காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வர்றதுன்னா வாங்கப்பா" என்றாள். வர்றதுன்னா வாங்க என்று என் மகள் சொன்ன தொனியை இங்கே என்னால் பேசிக் காட்ட முடியாது.

கண் மருத்துவர் வயதில் சிறிய பெண். கருவியில் என் மனைவியின் முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "எப்ப இருந்தும்மா இப்படி இடிக்குது, தட்டுப்படுது?"

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. "சரியா ஞாபகம் இல்லைங்க" என்றாள்.

அங்கேதான், ஐயா, அங்கேதான் அந்த மீட்டர்காரன் விழித்துக்கொண்டான். கேட்டால் தேதி சொல்ல வேண்டுமே. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நீட்டினேன். தம்ளர் எந்தத் தேதி, கதவு எந்தத் தேதி, பொம்மை எந்தத் தேதி, வணக்கம் எந்தத் தேதி, எல்லாம் இருந்தது. மருத்துவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினாறு மேடைகளில் பல்லாயிரம் பேர் சிரித்த வரிகளை அவர் ஒருவர்தான் சிரிக்காமல் படித்தார்.

"சார், இதை யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

"ஒரு வருஷமா தேதி போட்டு எழுதியிருக்கீங்க. இடிச்சதெல்லாம் இடப்பக்கம். ஒருநாள்கூடவா கூட்டிட்டு வந்து காட்டணும்னு தோணல?" கொஞ்சம் நிறுத்தி, "இந்த நட்சத்திரம் எதுக்கு சார்?" என்றார்.

அன்பர்களே, குறிப்பேட்டை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி சட்டைப்பைக்குள் திணித்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இடது கண்ணின் பக்கப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊரார் வீட்டு மீட்டரைப் பார்த்தேனே, தாறுமாறாக ஓடுகிற ஒரு மீட்டரைக் கண்டால், கதவைத் தட்டி, "எங்கேயோ கசியுது, கொஞ்சம் பாருங்கம்மா" என்று சொல்லாமல் ஒரு வீட்டையாவது தாண்டியிருப்பேனா? முன்பின் தெரியாதவர் வீட்டுக் கசிவு என் கண்ணில் பட்டதே, என் வீட்டுக் கசிவு ஏன் படவில்லை? பட்டது. பட்டதை எழுதினேன். எழுதியதைச் சொன்னேன். சொன்னதற்குக் கைத்தட்டல் வாங்கினேன். நூல் பிசகாமல் துணி வெட்டியவள் தம்ளருக்குள் தண்ணீர் ஊற்றத் தடுமாறுகிறாளே, ஏன் என்று நானும் கேட்கவில்லை, அத்தனை அரங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் உங்களுக்குக் கேட்க இடைவெளி விடாமல் பேசும் வித்தை எனக்குத் தெரியும்.

வெளியே வந்து, மருந்துக்காகக் காத்திருந்த பெஞ்சில் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. "கண்ணு மங்குதுன்னு உங்ககிட்ட சொன்னா, நீங்க முதல்ல அதுல சிரிப்பு வர்ற இடத்தைத் தேடுவீங்க. எனக்கே பயமா இருந்துச்சு. அந்தப் பயத்துக்கும் நாலு பேரு கைத்தட்ட வேணாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

அந்தப் பெஞ்சில் நான் அழுதேன். என் மகள் எழுந்து மருந்து வாங்கப் போய்விட்டாள்.

பின்வரிசையில் ஒரு தாய், "அந்தம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்கிறார். வரவில்லை, அம்மா. ஆனால் இன்றைய பேச்சை வரி வரியாக அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மூன்று இடங்களை அடிக்கச் சொன்னாள், அடித்தேன். "என்னைப் பாவம்னு காட்டி அழ வைக்கவும் வேணாம்" என்றாள். அந்த வரம்புக்குள் நின்றுதான் பேசுகிறேன். மேடையில் அவளைப் பற்றி நான் பேசுவது இதுவே கடைசி.

இந்த அரங்கில் இருக்கும் ஆண்மக்களே, உங்களில் எத்தனை பேர் என் கதையை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியின் பெயரைப் போட்டுச் சொல்லிச் சிரித்தீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும், என்னிடமே வந்து பெருமையாகச் சொன்னவர்கள் பலர். நம்பி நம்மிடம் சொன்ன சொல்லை நாலு பேருக்கு நடுவே போட்டு உடைப்பதா நகைச்சுவை? கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சொன்னவள் வாயை மூடிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டவளை மறுபடி பேச வைக்க எந்த மேடைப் பேச்சாளனுக்கும் வித்தை தெரியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன், குறிப்பேட்டைக் கிழித்தேன், நான்கு மணித் தேநீரை நானே போட்டேன். ஒரு மாதம் முழுக்கத் தேநீர் மட்டும்தான் குடித்தோம்.

இன்று மாலை, நான் இங்கே கிளம்புவதற்குச் சற்று முன்னால், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவளாகவே என்னிடம் ஒன்று சொன்னாள். சின்ன விஷயம்தான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "மேடையில சொல்லுவீங்களா?" என்று இன்று அவள் கேட்கவில்லை.

என்ன சொன்னாள் என்று தலைவர் அவர்களே ஆவலோடு பார்க்கிறார். என்ன சொன்னாள் என்று அரங்கமே காத்திருக்கிறது. இப்படி ஓர் அரங்கம் என் வாயைப் பார்த்துக் காத்திருப்பதற்காகவே ஓராண்டு வாழ்ந்தவன் நான்.

சொல்ல மாட்டேன்.

இத்தனை பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. ஒதுக்கிய நேரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, அதைத் தலைவரிடமே திருப்பித் தருகிறேன். வீட்டில் எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். வணக்கம்.