ஆர்லீன் போட்ட வழக்கு

ஹலோ... நெல்டா? நான்தான் ஆர்லீன்... ஆமாடி, நான் போட்ட மானநஷ்ட வழக்குல தீர்ப்பு வந்துடுச்சு. வக்கீல் இப்பதான் போன் பண்ணாரு... எங்க ஜெயிக்கிறது! தள்ளுபடி... ஆமா, ஆமா, மொத்தமா! சாட்சியைக்கூடக் கூப்பிடாம!

...பேச்சுரிமையாம். நம்ம குடியிருப்பு வீட்டுச் சொந்தக்காரங்க சங்கக் கூட்டமும் ஊர்ச் சபை மாதிரிதானாம். அங்க பேசுறவங்க வாயைக் கோர்ட்டை வெச்சு அடைக்கக் கூடாதாம்... அப்போ பதினோரு வருஷமா சங்கத் தலைவி நான், யார் வீட்டுக்கு என்ன பெயின்ட்னு பார்த்து அனுமதி குடுக்கிறவ, நேத்து வந்த ஜிலியன் என்னை என்ன வேணா சொல்லலாமா?

...என்ன சொன்னாளா? நீயும் அங்கதானே இருந்த! "ஆர்லீனுக்கு வேண்டியவங்க வீடுன்னா எந்தப் பெயின்ட்டும் சரி, வேண்டாதவங்கன்னா வெள்ளைகூட வெள்ளை இல்ல"ன்னாளே... அது... அந்த வெள்ளை கொஞ்சம் மஞ்சளாத்தான்டி இருந்துச்சு!

...பொறாமையா? எனக்கா?... ஆமா, பொறாமைதான்! போதுமா? வெயில்ல வீடு வீடா போய், சங்க விதிக்கு மேல வளர்ந்திருக்கான்னு கள்ளிச்செடியை அளந்து, நீச்சல் குளத்துக்கு வேலி போட்டு, நாயா உழைச்சவ நான். ஒருத்தர்கூட என்னை ஒரு காபி குடிக்கக் கூப்பிட்டதில்ல. அவ குடிவந்து ரெண்டு வருஷம். அவ வாசல் முழுக்க, பாக்க வந்தவங்க கோல்ஃப் வண்டியா நிக்குது! அவ சுடுற எலுமிச்சை கேக்ல அப்படி என்னதான்டி இருக்கு?... நீயும் தின்னியா?... ரெண்டு துண்டா!

...சரி, சரி, விடு. நான் அப்பீல் போகப் போறேன். நீ எனக்குச் சாட்சியா ஒரு கையெழுத்து மட்டும்... என்ன? அவசரக் கூட்டமா? எப்போ? என்னைக் கூப்பிடாமயா?

...என்னைப் பதவியிலேருந்து நீக்கிட்டீங்களா? எந்த விதிப்படி?... "சங்கத்து மேல வழக்குப் போட்டவங்க நிர்வாகக் குழுவுல இருக்கக் கூடாது"... ஏய், அது வால்டர் கிழவனைக் குழுவுலேருந்து வெளிய தள்ள நான் கொண்டுவந்த விதிடி! நான் ஜிலியன் மேலதானே... ஐயோ. ஆமா. அவ பேசுனதைக் கூட்டக் குறிப்புலேருந்து அடிக்க மாட்டோம்னீங்களே, அந்தக் கோவத்துல சங்கத்தையும் சேர்த்துட்டேன்...

...அப்போ இனிமே தலைவி யாரு?... வேணாம், சொல்லாத... அவளா.

...இல்ல. அழல. அழலன்னு சொல்றேன்ல!... வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருவேன். எல்லாரையும் மாதிரி வரிசையில நின்னு மைக்ல பேசுவேன். எனக்கும் பேச்சுரிமை இருக்குல்ல?... ஆளுக்கு மூணு நிமிஷம்தானா? எனக்குமா?... சரி. மூணு நிமிஷம். நீ முன் வரிசையில உக்காந்துக்கோ நெல்டா, அது போதும். உன் முகத்தைப் பாத்துப் பேசுனா எனக்குக் குரல் நடுங்காது...

...மேடையிலயா? நீ எதுக்கு மேடையில... துணைத் தலைவியா?... அவ பக்கத்து நாற்காலியிலயா?

...நெல்டா? ஹலோ... ஹலோ?