என் காலைக் காத்த கிருமிதின்னியை வளர்த்த டாக்டரம்மாவுக்கு

கண்ணாடித் தட்டில் கிருமி வளர்த்து, கிருமியைத் தின்னும் கிருமியையும் வளர்த்து, கடிந்து பேசாமலே எங்களையும் கட்டி மேய்த்த கருணைக் கடலே, டாக்டரம்மா அவர்களே!

ஆய்வகத்தில் சாமான் கழுவுகிறவனை உங்கள் பாராட்டு விழாவுக்கு இந்த மடல் எழுதச் சொன்னது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. எனக்குப் புகழ்ந்து பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் காலில் வந்த சர்க்கரைப் புண்ணில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்கிற கிருமி குடியேறி, எந்த மாத்திரைக்கும் அசையாமல் உட்கார்ந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட அறுவை டாக்டர் நாளும் குறித்துவிட்டார். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"சாக்கடைத் தண்ணியிலருந்து பிரிச்செடுத்த வைரஸ் இருக்குண்ணே. இந்தக் கிருமியத் தின்னும். பாத்துரலாமா?"

"கையில படக்கூடாதுன்னு நீங்களே சொல்ற தண்ணி. அதக் கால்ல ஊத்தணுமா?" என்று கத்தினேன்.

"முதல்ல தட்டுல விடுறேன். உங்க கண்ணால பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றீர்களே, பொறுமையின் பொக்கிஷமே!

உங்கள் குளிர்பெட்டியில் இருந்த வைரஸுக்கெல்லாம் இங்கே வேலை பார்க்கும் எங்கள் பதவிப் பெயர்கள்தான். அவரவர் குணம் பார்த்து நீங்கள் வைத்தது. என் கிருமியைத் தட்டு முழுக்க வெள்ளையாகப் படரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டீர்கள். மறுநாள் பார்த்தால் 'பெரிய டாக்டர்' வந்த சுவடே இல்லை. 'வாட்ச்மேன்' தூங்கிவிட்டார். 'டைப்பிஸ்ட்' லேசாகச் சுரண்டியிருந்தார். ஓரிடத்தில் மட்டும் வழித்துத் துடைத்ததுபோல் வட்டமாக ஓட்டை.

"யாரும்மா இது?"

"ஸ்டோர்கீப்பர். புடிச்சா விடாதுண்ணே."

ஒரு பிரஷ் கேட்டால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு "ஸ்டாக் இல்ல" என்கிற மனுஷன். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. "வேற பேர் வச்சு ஊத்துங்கம்மா" என்றேன். "பேர அப்புறம் மாத்தலாம். கால மாத்த முடியாது" என்று என் வாயை அடைத்தீர்கள், வாய்மையின் வடிவமே!

மாத்திரையோடு அதையும் புண்ணில் விட்டீர்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் திட்டினேன். புண் ஆறிக்கொண்டே வந்தது. அறுவை டாக்டர் குறித்த நாளை அவரே அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஸ்டோர்கீப்பர் தினமும் கழுவுதொட்டிப் பக்கம் வந்து, "என்னண்ணே, நம்ம கால் எப்படி இருக்கு?" என்கிறார். பிரஷ் மட்டும் இன்னும் வரவில்லை. இந்தத் தொல்லையையும் தந்தவர் நீங்கள்தான், தயாபரியே!

எதையும் நம்பாதவன் வாழ்த்துகிறேன்: நோய் அண்டாமல் நூறு தாண்டுங்கள். சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயசாளி உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று மேடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஸ்டோரிலிருந்து ஸ்டோர்கீப்பரே எடுத்துக் கொடுத்தாராம். காலியாகக் கிடக்கட்டும். முதல் வரியிலிருந்து இந்த வரிவரை நின்றுதான் வாசித்தேன், இரண்டு காலிலும்.

இப்படிக்கு,
ஆய்வக ஊழியர்கள் அனைவரும்
(ஸ்டோர்கீப்பரையும் சேர்த்துத்தான்)