மொய் திரும்புகிற மாதம்

— கணக்கு உதைக்குதே, ஹான்சோலம்மா. சம்பளம் இருபத்தஞ்சாம் தேதி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பதினாறு. அதுக்குள்ள முகம் இப்படித் தொங்குதுன்னா, பானையில எங்கயோ ஓட்டை.

— நான் எப்ப முகத்தைத் தொங்கப் போட்டேன், அத்தை?

— நீ வாயைத் திறப்பியா? உன் பை சொல்லுது. போன மாசம் என் தலை பெருசுக்குப் பேரிக்கா கொண்டுவந்தே. இன்னைக்கு நாலு கமலா ஆரஞ்சு, அதுலயும் ரெண்டுக்குக் கன்னத்துல அடி. தலைக்குச் சாயம் போட்டும் ரெண்டு மாசமாச்சு, வகிட்டுல வெள்ளிக் கோடு ஓடுது. ஜன்னலோரத்துக் கட்டில்காரியே பார்த்துட்டா. "உன் மருமகளுக்கு ஏதாச்சும் கஷ்டமா?"ன்னு கேக்குறா. மருந்து குடிக்க வாய் வராது அவளுக்கு, இதுக்கு மட்டும் வருது.

— மெதுவாப் பேசுங்க அத்தை. அவங்க முழிச்சிருக்காங்க.

— முழிச்சிருக்கட்டும். அவ மருமக மாசத்துக்கு ஒருக்கா வந்து, கோட்டைக்கூடக் கழட்டாம நின்னுட்டுப் போறா. நீயாவது உக்காருறே. சொல்லு, எங்க போகுது பணம்? இந்த ஆசுபத்திரிக்கு என்ன கட்டுறே?

— அதை எதுக்கு இப்ப கேக்குறீங்க?

— படுத்துக் கிடக்கிறவளுக்கு வேற என்ன சோலி? மேல பலகையில இருக்கிற ஓட்டையெல்லாம் எண்ணி முடிச்சுட்டேன். இனி உன் வீட்டு ஓட்டையைத்தான் எண்ணணும்.

— ஆசுபத்திரிக்கும் உங்களைப் பார்த்துக்கிற அம்மாவுக்குமாச் சேர்த்துப் பதினெட்டு லட்சம் வோன். சம்பளம் வந்த அன்னைக்கே போயிடும். வீட்டுக் கடனும் அன்னைக்கே. ஹான்சோல் காலேஜுக்காகத் தங்கியிருக்கிற அறைக்கு மறுநாள். மிச்சத்தை நாலாப் பிரிச்சு, வாரத்துக்கு இவ்வளவுன்னு தனித்தனியா வச்சிருவேன். கடைசி வாரம் கொஞ்சம் இழுக்கும். இருபதுக்கு மேல முளைகட்டின பயறுச் சூப்பும் கிம்ச்சியும்தான். ஆனா ஒழுங்காத்தான் ஓட்டுறேன் அத்தை. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் கைமாத்துக்குப் போய் நின்னதில்லை.

— உன்னைக் குத்தம் சொன்னேனா? என் மகன் சம்பளத்தை வச்சு நீ ஓட்டுற மாதிரி வேற எவளும் ஓட்டமாட்டா. அவனுக்கு நீ குடுக்கிற கைச்செலவு இருக்கே, அதை வச்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மிட்டாய்க் கடைப் பக்கம் போகாது. முறைக்காதே, பெருமையாத்தான் சொல்றேன். சரி, இந்த மாசம் யாரு செத்தா?

— அத்தை!

— அங்கதானே ஓட்டை? உன்னால அடைக்க முடியாத ஓட்டை அது ஒண்ணுதான்.

— மூணு வந்துச்சு. ரெண்டு கல்யாணம், ஒரு சாவு.

— குளிர் பிறந்தாலே அப்படித்தான். இளசுக கட்டிக்கும், கிழடுக கழண்டுக்கும். மொய் என்ன வச்சீங்க?

— கல்யாணம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு லட்சம். இப்பல்லாம் மண்டபச் சாப்பாடே தலைக்கு எண்பதாயிரமாம். அம்பதாயிரத்தை வச்சுட்டு உக்காந்து சாப்பிட்டா, ஆபீஸ்ல முதுகுக்குப் பின்னாடி பேசுறாங்க. சாவுக்கும் ஒரு லட்சம். கிடங்குப் பிரிவுல ஒருத்தரோட மாமியார்.

— பாத்தியா, மாமியாருக்குக்கூட! என் மகன் தோங்சிக் ஒரு சாவையாச்சும் விட்டிருக்கானா? இஞ்சோன்ல இருந்து புசான் வரைக்கும் பஸ்ல போய், ஒரு கிண்ணம் சாவுவீட்டுக் காரச் சூப்பைக் குடிச்சுட்டு, அதே சட்டையோட வேலைக்குப் போய் நின்னானே, அது யாரோட அப்பன்?

— ஹ்வாங் மேனேஜரோட அப்பா.

— அந்த ஹ்வாங்! கெட்டிக்காரன். பொண்ணு ரெண்டையும் கட்டிக்குடுத்தான், அப்பனையும் ஆத்தாளையும் வழியனுப்பி வச்சான், எல்லாம் நாற்காலியில உக்காந்திருக்கிறப்பவே. போட்ட மொய் மொத்தத்தையும் வாரிச் சுருட்டிட்டு மறுவருஷம் ஓய்வு. கதிர் முத்துற நாள் பாத்து அரிவாளை எடுத்தவன்.

— பாவம், அவர் என்ன வேணும்னா பண்ணார்?

— வேணும்னு பண்ணலை. வாய்ச்சுது. வாய்க்காதவனும் ஒருத்தன் இருந்தானே? குள்ளமா, பல்லு கொஞ்சம் தூக்கலா. ஓய்வாகி ரெண்டு மாசத்துல அவன் அம்மா போயிட்டான்னு நீதானே வந்து சொன்னே.

— பியோன் அண்ணன்.

— அவன்தான். எத்தனை பேரு வந்தாங்க?

— இதெல்லாம் எதுக்கு அத்தை, ஆசுபத்திரியில உக்காந்துக்கிட்டு...

— எத்தனை பேருன்னு கேட்டேன்.

— நாங்க போனப்ப பதினோரு பேர். இருநூறு பேருக்குச் சூப் சொல்லியிருந்தார். மேசையில விரிச்ச தாள் விரிச்சபடி கிடந்துச்சு, ஒரு சொட்டுக் கறை இல்லை. பழைய ஆபீஸ்ல இருந்து வந்தது ஹான்சோலப்பா மட்டும்தான். எங்களை எழுந்திருக்கவே விடலை அந்த அண்ணன். இன்னொரு கிண்ணம் சாப்பிடுங்க, இன்னொரு கிண்ணம்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். மண்டப வாடகைக்கு மச்சான்கிட்டக் கடன் வாங்கினாராம் பிற்பாடு.

— அவன் முப்பது வருஷம் மொய் வச்சவனாச்சே. வாங்கின கையெல்லாம் எங்க போச்சு?

— அது நாற்காலிக்கு வைக்கிற மொய் அத்தை. ஆளுக்கு இல்லை.

— நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். என் மகனுக்கு நாற்காலி எது வரைக்கும்?

— என்ன கேட்டீங்க?

— காதுல விழுந்துச்சே.

— அவருக்கென்ன, இன்னும் நாலு வருஷம் இருக்கு.

— ஹான்சோலம்மா, எனக்குச் செத்துப்போனது சிறுநீரகம், மூளை இல்லை. போன புதன்கிழமை மிஷினை விட்டு வந்து படுக்குறேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு இவன் வந்து நிக்கிறான். வேலைநாள். கழுத்துல தொங்குற கம்பெனி அட்டையைக் காணோம். ஆரஞ்சை உரிச்சான், உரிச்சான், ஆறு பழத்தை உரிச்சு அடுக்குனான், ஒரு சுளை வாயில வைக்கலை. "லீவு மிச்சம் கிடந்துச்சும்மா, எடுத்தேன்"கிறான். காய்ச்சலுக்கு லீவு எடுக்காத பய, ஆரஞ்சு உரிக்கவா எடுப்பான்? சொல்லு. எப்ப வரைக்கும்?

— இந்த மாசக் கடைசி.

— தானாப் போறானா, தள்ளுறாங்களா?

— காகிதத்துல விருப்ப ஓய்வுன்னுதான் இருக்கு. அம்பத்தஞ்சு தாண்டின அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல விருப்பம் வந்துருச்சு.

— நல்லாத்தான் சொல்றே! கேட்டியாடி ஜன்னலோரத்தாளே, இதையும் சேத்துக் கேட்டுக்கோ. பணம் தருவாங்கல்ல?

— அதுல பாதியை முன்னாடியே எடுத்துத்தான் வீட்டுக்குக் கட்டினோம். மிச்சத்துல கொஞ்சம் கடனை அடைக்கலாம், ஹான்சோலுக்கு ஒரு வருஷக் கட்டணம் கட்டலாம். அதுக்கப்புறம் யோசிக்கணும்.

— அதுக்கப்புறம் எனக்குப் பதினெட்டு லட்சம்.

— அதை நான் சொல்லவே இல்லை.

— நீ சொல்லலை. கணக்கு சொல்லுது.

— உங்களை விட்டுடுவோம்னு நினைச்சீங்களா? நான் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். பள்ளிக்கூடச் சமையல்கூடம். காலையில ஆறு மணிக்குப் போகணும், மத்தியானம் வந்துடலாம்.

— மணிக்கட்டுல பட்டி சுத்திக்கிட்டு வந்திருக்கே. ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அண்டாவை எந்தக் கையால தூக்குவே?

— பெரியம்மா, மருமக வந்த குஷியில சத்தம் வராந்தா வரைக்கும் கேக்குது! நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மிஷின், ஞாபகம் இருக்கட்டும். தண்ணியை அளவாக் குடிங்க. உங்களைப் பார்த்துக்கிற வேலைக்காரிதானேன்னு என் பேச்சைத் தட்டினீங்க, நாளைக்கு மூச்சு வாங்கும்.

— வாடி, சீனத்து யான்பியன்ல இருந்து பிழைக்க வந்த மகாராணி. ஜன்னலோரத்தாளுக்கு இன்னும் துணி மாத்தலை போல, இங்க நாறுது.

— மாத்தி ஒரு மணி நேரமாச்சு. நாறுறது உங்க மூக்கு.

— பாத்தியா ஹான்சோலம்மா, இந்தக் கட்டடத்துல எனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். போடி, போய் அடுத்த அறையைப் பாரு. நாங்க சொத்துப் பிரிச்சுக்கிட்டிருக்கோம்.

— எனக்கும் ஒரு பங்கு வைங்க பெரியம்மா. நான் போறேன்.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க.

— கதவைச் சாத்து. திங்கள், புதன், வெள்ளி. மூணு வருஷமா ரத்தத்தை உருவித் துவைச்சுத் துவைச்சு உள்ள விடுறாங்க. துணியா இருந்தா இந்நேரம் நைஞ்சு கிழிஞ்சிருக்கும். நிறுத்திட்டா எத்தனை நாள் தாங்கும்னு அவகிட்டக் கேட்டேன். வாயைப் பொத்துங்கன்னுட்டா. டாக்டரைக் கேட்டேன். சின்னப் பையன், காது வரைக்கும் சிவந்து போச்சு. இந்த உடம்புக்கு ஒரு வாரம், மிஞ்சினாப் பத்து நாளாம். வலி தெரியாமப் பார்த்துக்குவாங்களாம்.

— போதும் அத்தை.

— அதைத்தான் நானும் சொல்றேன், போதும்னு.

— இப்படியே பேசினீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன். அவருக்குத் தெரிஞ்சா என்னாகும்? நான் தூண்டிவிட்டேன்னு ஆயுசுக்கும் என் முகத்துல முழிக்கமாட்டார்.

— அவனுக்கு எதுக்குத் தெரியணும்? கிழவிக்குப் புத்தி மங்கிடுச்சு, மிஷினுக்கு வரமாட்டேன்னு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா, அவ்வளவுதான். எண்பத்தெட்டு வயசுக்காரிக்கு வீம்பு வர்றதுக்குக் காரணம் வேணுமா?

— நான் உங்களைப் பத்தி ஒருநாளும் அப்படி நினைச்சதில்லை.

— நினைச்சே.

— சத்தியமா இல்லை.

— நினைக்காம எப்படிடி? உன் இடத்துல நான் இருந்தா அரிசி அளக்கிறப்பல்லாம் நினைச்சிருப்பேன். அழாதே. அங்க ஒருத்தி காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கிறா, அவளுக்கு விருந்து வைக்காதே.

— ஒரே ஒரு தடவை. அவர் கையெழுத்துப் போட்டுட்டு வந்து, சோத்தைத் தொடாம உக்காந்திருந்தார். அப்ப நினைச்சேன். உடனே என் வாயில நானே அடிச்சுக்கிட்டேன்.

— வாய் என்ன பண்ணுச்சு, பாவம். கணக்கைப் பேசுவோம். அவன் நாற்காலியில இருக்கிறப்ப நான் போனா என்ன வரும்?

— எனக்குத் தெரியாது.

— உனக்கா தெரியாது?

— கம்பெனியில இருந்து மலர்வளையம் வரும். கம்பெனி பேரு அச்சடிச்ச கிண்ணம், கோப்பை, கரண்டி எல்லாம் பெட்டி பெட்டியா அனுப்புவாங்க. பரிமாறவும் ஆள் வரும். அம்மா அப்பா சாவுக்குன்னு தனியா ஒரு தொகை உண்டு. மொய்... முந்நூறு பேராச்சும் வருவாங்க. அவர் போகாத வீடு இல்லையே.

— மண்டபம், சூப்பு, எல்லாம் போக மிஞ்சுமா?

— மிஞ்சும். ஹான்சோல் படிப்பு முடியுற வரைக்கும் ஓட்டிடலாம்.

— அண்டா தூக்காம?

— தூக்காம.

— அடுத்த மாசம் போனேன்னா?

— அதான் பார்த்தோமே, பியோன் அண்ணன் வீட்டுல.

— பதினோரு பேரு. நான் பெத்தவன் கையில துக்கப் பட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, வர்றவன் ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சு இன்னொரு கிண்ணம், இன்னொரு கிண்ணம்னு கெஞ்சணும். நான் படத்துக்குள்ள இருந்து அதைப் பார்த்துக்கிட்டிருக்கணும். என்னால முடியாது, ஹான்சோலம்மா. எனக்குக் கூட்டம் வேணும். சந்தையில மீன் கழுவின காலத்துல இருந்து எனக்குன்னு எவனும் ஒரு பூ வச்சதில்லை. வாசல்ல இருந்து தெரு வரைக்கும் வளையம் நிக்கணும்.

— நேரமாச்சு, நான் கிளம்பணும் அத்தை.

— நாளைக்குக் காலையில அவ தள்ளுவண்டியோட வருவா. கம்பியைப் பிடிச்சுக்கவா, வேண்டாமா? ஒத்தை வார்த்தை சொல்லிட்டுப் போ.

— என்னைக் கேக்காதீங்க. என்னால சொல்ல முடியாது.

— சரி, சொல்லாதே. நானே பார்த்துக்குறேன். போர்வையைக் கால் வரைக்கும் இழுத்து விட்டுட்டுக் கிளம்பு, பஸ் போயிடும். வீட்டுல அவன் தனியா உக்காந்திருப்பான்.

— சரி அத்தை.

— என்னடி, கோட்டை மாட்டிக்கிட்டுக் கதவுகிட்டயே நிக்கிறே? விரலை வேற மடக்குறே.

— நாளைக்கு வேண்டாம் அத்தை. நாளைக்கு மிஷினுக்குப் போங்க.

— அடி என் தங்கமே. அந்த ஒரு வார்த்தையைக் கேக்கத்தான் இத்தனை பேச்சும் பேசினேன். மனசு குளுந்துச்சு. போறேன், நாளைக்குப் போறேன்.

— புதன்கிழமையில இருந்து நிறுத்துங்க. நாளைக்கே நிறுத்தினா இருபத்தஞ்சாம் தேதிச் சம்பளத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அப்ப யார்கிட்டயும் மொய் வைக்கக் காசு இருக்காது.