முதுகுக்கடியில் குளிர்

— சீ, என்ன நாத்தம் அண்ணாச்சி! எலி மோண்ட வாடை. இந்தப் போர்வையையா நான் மலைக்குக் கொண்டு போய்ப் படுக்கணும்?

— ரெண்டு நாள் வெயில்ல போட்டா போவும் மக்களே. மார்த்தாண்டம் முழுக்கத் தேடினாலும் இந்த ஞானையன் கடையில மட்டுந்தான் இப்பிடிப் பழைய வெளிநாட்டுச் சாதனம் கிடைக்கும். கம்பளி வேணுமா?

— கம்பளி கனம். காலேஜுல தவளை ஆராய்ச்சிக்குப் போறோம், அஞ்சு நாளைக்கு வேண்டிய அரிசியும் எனக்க முதுகுலதான். தரையெல்லாம் அட்டைக் கடி. அதனால மரத்துக்கு மரம் நைலான் தொட்டில் கட்டிப் படுப்போம். போன தடவை அடியில காத்தடிச்சு முதுகு வெறச்சுப் போச்சு.

— அதுக்கென்ன, ரெண்டு போர்வையை விரிச்சுப் படு.

— படுத்தா நம்ம பாரத்துல சப்பிப் போவும். பின்ன எங்க சூடு நிக்கும்? தொட்டிலுக்கு வெளியே, அடியில தொங்கவிட்டுக் கட்டணும். உப்பி நிக்கணும், கனமும் கூடாது.

— அப்பம் இதைப் பாரு. வெளிநாட்டு ஸ்லீப்பிங் பேக். ஜிப்பைத் தொறந்தா மெத்தை மாதிரி விரியும். உள்ள வாத்துத் தூவல், குட்டி எறகு.

— வே, இதுல பூசணம்லா பூத்துக் கெடக்கு! தூவல் வேண்டாம், மஞ்சுல நனைஞ்சா கட்டி பிடிக்கும். செயற்கைப் பஞ்சு வச்சது இல்லியா?

— இந்தா, பச்சை. தூக்கிப் பாரு, கனமே தெரியாது.

— இது கொள்ளாம், நல்லா உப்பி நிக்கு... நில்லும். உள்ள என்ன முத்திரை? நிவாரணப் பொருள், விற்பனைக்கு இல்லைண்ணு இங்கிலீஷ்ல போட்டிருக்கு! சுனாமிக்கு வந்ததா?

— மொத்தமா வந்தப்போ எடுத்துப் போட்டது. அஞ்சு வருஷமாச்சுல்லா, விடு.

— தூ! தொட்ட கையைக் கழுவணும் போல இருக்கு. வீடு போயி நாங்க பள்ளிக்கூடத்து சிமெண்ட் தரையில கெடந்தோம் தெரியுமா? எங்க அம்மைக்குக் காய்ச்சல். அவளுக்க முதுகு சில்லுண்ணு ஆவும், நான் ஒட்டிப் படுத்துச் சூடு குடுப்பேன். சளி நெஞ்சுல எறங்கி, ஈஸ்டருக்கு முன்னால போய்ட்டா.

— ஏசுவே... எந்தக் கடப்புறம் மக்களே நீ?

— முட்டத்துக்கு மேக்க. நிவாரணக் கமிட்டி மரியஜானுக்க மக, அஜிஷா. எங்க அப்பா ஓடாத ஓட்டமில்ல. ஒரு போர்வைகூட வரல்லியேண்ணு அம்மைக்கு முன்னால இருந்து அழுதாரு.

— இங்க தா மக்களே, மடக்கித் தாறேன்.

— மடக்க வேண்டாம். எந்த எரப்பாளி இதைக் கொண்டு தந்தான்?

— கேக்காத மக்களே. பச்சையைச் சும்மா எடுத்துட்டுப் போ.

— எனக்கு வேண்டாம் இந்த எளவு. பேரைச் சொல்லும். சொல்லாம நான் இந்தக் கடையை விட்டு எறங்க மாட்டேன்!

— டெம்போவுல கொண்டு வந்து, எனக்க கையில எண்ணித் தந்தது மரியஜான்தான் மக்களே.