அனிபால் வேண்டுமென்றே மறந்த வார்த்தைகள்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இட்செல் அம்மா அவர்களே, என் முதல் வணக்கம் உங்களுக்கு. மகனின் ஆட்டத்தைப் பார்க்கப் பனாமாவிலிருந்து வர வேண்டியவர் நீங்கள். மகனின் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். நான் பேசுவதை உங்கள் பக்கத்தில் இருக்கும் சகோதரி உங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கு ஒரு வேண்டுகோள். நான் கடுமையாகப் பேசும் இடத்தைக் கடுமையாகவே சொல்லுங்கள். தேன் தடவ வேண்டாம்.

மேடையில் வீற்றிருக்கும், எங்கள் அணியை நடத்தும் பெரிய லீக் தாய்க் கிளப்பின் வீரர் மேம்பாட்டு இயக்குநர் திரு. ஹாலோவே அவர்களே, எங்கள் அணியின் மேலாளர் அவர்களே, அம்பயர் திரு. ரீம்ஸ் அவர்களே, கார்வின் நாரைகள் அணியின் தோழர்களே, வேலையை விட்டுவிட்டு இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மெரில் டகெட். இந்தப் பேஸ்பால் அணியின் பிட்சர், பந்து வீசுகிறவன். முப்பத்து மூன்று வயதாகியும் இன்னும் சிறு லீகிலேயே பந்து வீசிக்கொண்டிருப்பதால் என்னை எல்லோரும் 'பெருசு' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன்தான் இன்று பூமாலை சூட்டிய படமாக என் பின்னால் இருக்கிறான். அனிபால் கிரோஸ். இருபத்தொரு வயது. எங்கள் கேட்சர். நான் வீசிய ஒவ்வொரு பந்தையும் எதிரே குந்தியிருந்து வாங்கியவன்.

நான் அழ வரவில்லை. அழுகை எனக்கும் வருகிறது, அதை வீட்டில் வைத்துக்கொள்கிறேன். இன்று மாலை ஏழு மணிக்கு இதே மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது. அனிபால் குந்திய இடத்தில் இன்னொரு பையன் குந்தப் போகிறான். அவனைப் பற்றியும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய திரு. ஹாலோவே அவர்கள் அனிபாலுக்குத் தான் போட்டிருந்த மதிப்பெண்களை வாசித்தார். இருபதில் தொடங்கி எண்பதில் முடியும் அளவுகோல். தோளுக்கு அறுபது. மட்டைக்கு முப்பத்தைந்து. ஆட்ட ஞாபகத்துக்கு எழுபது. மன உறுதிக்கும் எழுபது. 'இன்னும் மூன்று ஆண்டுகளில் பெரிய லீகுக்கு வந்திருக்கக்கூடியவர், வளர்ந்துகொண்டிருந்த வீரர்' என்றார். பொய் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒருவன் செத்த பிறகும் அவன் என்னவாக ஆகியிருப்பான் என்றுதான் பேசுவீர்களா? என்னவாக இருந்தான் என்று ஒருவராவது சொல்ல மாட்டீர்களா?

நான் சொல்கிறேன். முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், அவன் அம்மா மன்னிக்கட்டும். அனிபாலின் மட்டை முப்பத்தைந்துகூட இல்லை. வளைந்து வரும் பந்தைக் கண்டால் வீட்டுக்குள் புகுந்த குளவியை விரட்டுவதுபோல் வீசுவான். வந்த புதிதில், ஓடும் எதிரணி ஆளை மடக்க இரண்டாம் தளத்துக்கு எறிகிறேன் என்று எறிந்தால் பந்து மைதானத்தின் நடுவில் போய் விழும். இடது காலை எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியாது. இங்கே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வழக்கமாக வம்பு செய்கிறவர் ஒருவர் அன்றைக்குக் கத்தினார்:

"ஏம்ப்பா, ரெண்டாவது தளம் எங்க இருக்குன்னு உனக்கு மேப் போட்டுத் தரட்டுமா?"

அனிபால் முகத்தைக் காக்கும் கம்பி முகக்கூண்டைத் தூக்கிவிட்டுத் திரும்பினான். "போட்டுக் குடுங்கண்ணே, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, படமாவே போட்டுக் குடுங்க" என்றான். அந்த மனிதர் மறுநாள் உண்மையிலேயே ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். அதை அனிபால் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான்.

பிறகு அந்தக் கால் சரியானது. எப்படிச் சரியானது? காலை வெயிலில், யாரும் வருமுன், வெறும் காலோடு புல்லில் நின்று, பந்தே இல்லாமல் எழுந்து எழுந்து திரும்பிப் பழகினான். இந்த ஜூன் மாதம் அவன் எறிதலை மீறித் தளம் பிடிக்க ஓடத் துணிந்தவர்கள் பாதி வழியில் நின்று திரும்பிப் போனதை நீங்களே பார்த்தீர்கள்.

பிட்சரான எனக்கு ஒரு கேட்சரின் தரம் எங்கே தெரியும் என்று சொல்கிறேன். மூன்றாம் தளத்தில் எதிரணி ஆள் நிற்கிறான். என்னிடம் இருக்கும் ஒரே நல்ல பந்து, மட்டைக்காரன் எதிரே மண்ணில் குத்தி விழும் பந்து. கேட்சர் அதைத் தவறவிட்டால் ஓட்டம் போய்விடும். அந்த நேரத்தில் பெரும்பாலான கேட்சர்கள் நேர்ப்பந்து கேட்பார்கள், அவர்களுக்கு நோகாது பாருங்கள். அனிபால் மண்ணைத்தான் கேட்பான். கேட்டுவிட்டு நெஞ்சைக் கொடுப்பான், தொடையைக் கொடுப்பான், கழுத்தைக் கொடுப்பான். பந்து அவனைத் தாண்டாது. இரண்டு ஆண்டுகளாக நான் பயமில்லாமல் பந்து வீசினேன் என்றால் அதற்கு அவன்தான் காரணம். இது வளர்ந்துகொண்டிருந்த வீரனா? எனக்கு இவன் முழுசாக வளர்ந்தவன்.

திரு. ஹாலோவே அவர்களே, கொஞ்சம் பொறுங்கள். மணியைப் பார்க்காதீர்கள். நான் இன்னும் அந்த வியாழக்கிழமைக்கே வரவில்லை.

வியாழக்கிழமை மட்டையில் உரசித் தெறித்த பந்து ஒன்று அனிபாலின் முகக்கூண்டில் நேராக அடித்தது. எழுந்து ஆடி முடித்தான். வெள்ளிக்கிழமை காலை, அவன் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் வெர்னா ஷூல்ட்ஸ் அம்மையாரின் சமையலறையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"வீட்டுக்குள்ள எதுக்குப்பா கண்ணாடி?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"உங்க முட்டை ரொம்பப் பளபளன்னு இருக்கும்மா, கண்ணு கூசுது."

வெர்னா அம்மையார் சிரித்து விட்டுவிடவில்லை. உடனே கிளப்புக்குத் தொலைபேசியில் சொன்னார். பையனுக்கு வெளிச்சம் ஆகவில்லை, சாப்பிட்டது தங்கவில்லை என்று சொன்னார். தன் வீட்டில் தங்கிய பிள்ளைக்காக ஒரு தாய் செய்ய வேண்டியதை அவர் செய்தார். கிளப் என்ன செய்தது? அதுவும் விதிப்படி செய்தது. உடற்பயிற்சியாளர் அனிபாலை உட்காரவைத்துத் தலைச் சோதனை வைத்தார். அடி ஏதும் படாதபோது மார்ச் மாதம் இதே சோதனையில் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. மூளையில் மாற்றம் இல்லை, ஆடலாம் என்று அனுப்பிவிட்டார்.

இரண்டும் ஏன் ஒன்றாக இருந்தன தெரியுமா? ஊர்மக்களுக்குத் தெரியாது. உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதம் அந்தச் சோதனை முடிந்து வெளியே வந்தபோது அனிபாலே என்னிடம் சொன்னான்.

"பெருசு, அஞ்சு வார்த்தை சொல்லி ஞாபகம் வச்சுக்கச் சொன்னாங்க. நான் ரெண்டுதான் திருப்பிச் சொன்னேன்."

"ஏன்டா, போன வருஷம் எவன் எவன் எந்தப் பந்துல அவுட் ஆனான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவியே. அஞ்சு வார்த்தை ஞாபகம் இல்லியா?"

"இருக்கு பெருசு. எலுமிச்சை, ஏணி, குதிரை, சாவி, மழை. வேணும்னே மறந்தேன். நாளைக்கு அடிபட்டு உண்மையாவே மறந்து போச்சுன்னாலும் ரெண்டு வார்த்தை வந்தாப் போதும்ல? அப்படியேதான் இருக்கான்னு விட்டுருவாங்க. எல்லாரும் இதான் பண்றாங்க."

"அறிவு கெட்டவனே, அடிபட்டா விதிப்படி ஏழு நாள் வெளிய உக்காரு. குடியா முழுகிடும்?"

அவன் சிரித்தான். "உனக்கென்ன, பிட்சருங்க ஒரு கூட்டமே இருக்கீங்க. கேட்சருக்கு ஒரு இடம்தான். ஏழு நாள்ல மாத்து கேட்சர் வேட் அங்க உக்காந்துருவான், அப்புறம் நான் எங்க ஊரு சித்ரேக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்."

நான் திட்டியதை இங்கே மேடையில் சொல்ல முடியாது. அவன் கேட்கவில்லை. பசங்க எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தானே என்று நினைத்தான். தேர்வில் தோற்றால்தான் வேலை தங்கும் என்று ஒரு பிள்ளை கணக்குப் போடுகிற இடம் இது.

இப்போது மேடையில் இருப்பவரிடம் கேட்கிறேன். ஆட்ட ஞாபகம் எழுபது என்று நீங்கள்தானே போட்டீர்கள்? இந்த லீகிலேயே மிகக் கூர்மையான ஞாபகம் என்று சற்றுமுன் நீங்கள்தானே சொன்னீர்கள்? அதே பையன் மார்ச் மாதம் ஐந்து வார்த்தையில் மூன்றை மறந்தான் என்றால் உங்களில் ஒருவருக்காவது உறுத்தவில்லையா? அவன் எறியும் பந்து எத்தனை நொடியில் போகிறது என்று கடிகாரம் வைத்திருக்கிறீர்கள். முழங்கால் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று கேமரா வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் சேகரித்த இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரம் இல்லை. ஏன்? ஞாபகம் வீரனின் விலையை உயர்த்தும். தலைவலி விலையைக் குறைக்கும். அதனால்தானே?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்ன நடந்தது என்று உங்களில் பலர் பார்த்தீர்கள். இரண்டாவது முறையாகத் தெறித்து வந்த பந்து. அதே முகக்கூண்டு. அனிபால் ஒரு கையை மண்ணில் ஊன்றினான். திரு. ரீம்ஸ் உடனே முன்னால் வந்து, சின்னத் துடைப்பத்தை எடுத்து, கேட்சருக்கு முன்னால் தரையில் பதித்த, சுத்தமாக இருந்த ஹோம் பிளேட் பலகையைக் குனிந்து துடைக்கத் தொடங்கினார். மெதுவாகத் துடைத்தார். இது எங்கள் வழக்கம். கேட்சருக்கு அடிபட்டால் அம்பயர் துடைப்பார், அவன் மூச்சு வாங்கிக்கொள்வதற்கு. அம்பயருக்கு அடிபட்டால் கேட்சர் எழுந்து பிட்சரிடம் வெட்டிப் பேச்சு பேசிவிட்டு வருவான். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. நல்ல மனிதர்கள் காலங்காலமாகச் செய்துவரும் மரியாதை. திரு. ரீம்ஸ் அவர்களே, தலையைக் குனியாதீர்கள், நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த மரியாதை அவனுக்கு மூச்சைத்தான் கொடுத்தது, மருத்துவரைக் கொடுக்கவில்லை.

நான் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கிப் போனேன். "டேய், சரியா இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன் பெருசு. நீ மண்ணுலயே போடு."

அவன் எழுந்து நின்றான். மைதானமே எழுந்து கை தட்டியது. எந்த அறிக்கையில் போய் அது சேர்ந்திருக்கும்? மன உறுதி, எழுபது. அந்தச் சுற்று முடிந்து பெஞ்சுக்கு வந்தவன் தன் தண்ணீர்க் குவளையை எடுக்கக் குனிந்தான். நிமிரவில்லை. இட்செல் அம்மா வந்து சேருமுன்பே மருத்துவமனைக்கு மரணம் வந்துவிட்டது.

எந்தக் குணம் அவனைக் கொன்றதோ, அதற்குத்தான் இந்த மேடையில் அதிக மதிப்பெண் வாசிக்கப்பட்டது. அவன் தாயின் முகத்துக்கு நேராக வாசிக்கப்பட்டது.

அவன் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். எப்படித் தொடர்வீர்கள்? அவன் பெயரில் ஒரு கோப்பையா? சட்டைக் கையில் ஒரு கறுப்புப் பட்டையா? பிட்சர்களாகிய நாங்கள் இன்று காலை பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். எங்கள் கேட்சரின் முகக்கூண்டில் பந்து அடித்தால், கிளப்பிடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர் அவனைப் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் பந்து வீச மாட்டோம். கையில் வைத்துக்கொண்டு நிற்போம். பந்து வீச எங்களுக்குக் கொடுத்த நேரத்தின் கடிகாரம் ஓடட்டும். நேரம் கடந்ததற்கு அம்பயர் தண்டனை கொடுக்கட்டும். அந்தத் தண்டனையில் எதிரணி ஆட்கள் பந்தை அடிக்காமலே ஒவ்வொருவராக நடந்து வந்து ஓட்டம் எடுத்துக்கொண்டு போகட்டும். அந்த ஓட்டங்கள் எங்கள் கணக்கில்தான் விழும், எங்கள் மதிப்பெண்தான் குறையும், எங்களில் சிலருக்கு வேலை போகும். எனக்கு முதலில் போகும். போகட்டும்.

திரு. ஹாலோவே அவர்களே, உட்காருங்கள். ஒலிபெருக்கியை நிறுத்தினாலும் எனக்குத் தொண்டை இருக்கிறது.

இன்று மாலை வீச வேண்டியவன் நான். என் எதிரே குந்த வேண்டியவன் வேட் ஒல்சன். அதோ, நான்காம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்று அவன் முகக்கூண்டிலும் ஒரு பந்து அடித்தது. சோதனை வைத்தார்கள், மார்ச் மாதம் போலவே இருக்கிறது என்றார்கள். வேட், மார்ச் மாதம் நீ எத்தனை வார்த்தை சொன்னாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் முகமே சொல்கிறது.

நேற்று வெர்னா அம்மையார் வீட்டில் இட்செல் அம்மாவிடம் ஆறுதல் சொல்லப் போனேன். மகனைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அந்த இன்னொரு புள்ளைக்குத் தலை வலிக்குதான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. எட்ட இருந்து வந்து, தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்தான் கேட்டார்.

டாக்டர் லின்கிரன் அம்மையார் கடைசி வரிசையில் இருக்கிறார். தன் மருத்துவமனையைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பார்த்துச் சொல்லாமல் நீ இன்று அந்த இடத்தில் குந்தினால் நான் பந்தை விட மாட்டேன், வேட். விடியும்வரை மேட்டில் நிற்பேன். நீ தனியாகப் போக வேண்டியதில்லை. உன்னோடு தானும் வருவதாக இட்செல் அம்மா சொல்லியிருக்கிறார். அதோ, எழுந்து நின்றுவிட்டார்.

வேட், எழுந்திரு. அம்மாவைக் காக்க வைக்காதே.